பாக்கி நிக்கிற ஒரு தாள்

மூணு வருஷப் படிப்புல அவளுக்கு ஒரே ஒரு தாள்தான் பாக்கி. இலக்கணத்துல பாஸ், இலக்கிய வரலாத்துல பாஸ், இங்கிலீஷ்லகூட தட்டுத்தடுமாறிப் பாஸ். படைப்பிலக்கியம்னு ஒரு தாள், அதுல சொந்தமா ஏதாவது எழுதிக் குடுக்கணும், அது மட்டும் நிக்குது. எங்க வகுப்புலயே எழுதத் தெரிஞ்ச ஒரே ஆளு அவதான். நாங்கள்லாம் கதைங்கிற பேர்ல எதையோ கிறுக்கி அனுப்பி மார்க் வாங்கிட்டோம். அதை நெனச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது.

எனக்குப் புதுக்கோட்டை மாவட்டம், ஆவூர்ப் பக்கம். ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க்கா இருக்கேன். பிளஸ் டூ முடிச்சதும் காலேஜ்ல தமிழ் படிக்கணும்னு ஆசைப்பட்டேன், வீட்டுல கல்யாணத்தைப் பண்ணி வச்சாங்க. புருஷன் தங்கமான மனுஷன், அதுல கொறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா ஆசைன்னு ஒண்ணு இருந்தா அது சும்மா கெடக்குமா? பிள்ளைக ரெண்டும் வேலைக்குப் போனதுக்கப்பறம் ஒருநாள் போன்ல விளம்பரம் வந்துச்சு. தமிழ் இலக்கியம், வீட்டுல இருந்தே ஆன்லைன்ல படிக்கலாம், வயசு வரம்பு இல்லை, சனி ஞாயிறு சாயங்காலம் வகுப்பு. அந்த நிறுவனத்தோட பேரை நான் சொல்ல மாட்டேன். சொன்னா அவங்களுக்கு அது இன்னொரு விளம்பரமா ஆயிடும்.

மொதல் வகுப்பு அன்னைக்கு மூஞ்சி கழுவிப் பவுடர் போட்டு, மாதா படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனைத் தெறந்தேன். ஸ்கிரீன் பூராவும் கட்டம் கட்டமா ஆளுக. ஒரு கட்டத்துல ரிட்டயர் ஆன பேங்க் ஆபீசர் ஒருத்தர், மைக்கை ஆஃப் பண்ணத் தெரியாம வீட்டுல காபிக்குச் சத்தம் போட்டுக்கிட்டிருந்தாரு. இன்னொரு கட்டத்துல ஒரு அம்மா, மூஞ்சியைக் காணோம், மேல சுத்துற ஃபேன்தான் தெரிஞ்சுச்சு. சார் ஒவ்வொருத்தரையும் ஊரு பேரு சொல்லச் சொன்னாரு. நல்ல கொரல் அவருக்கு. கேட்டுக்கிட்டே இருக்கலாம்னு தோணும். அந்தக் கொரலை நம்பித்தான் நாங்க ஏமாந்தோம்.

கடைசிக் கட்டத்துல ஒரு பொண்ணு. பின்னாடி செவுத்துல மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி. "திருவரங்குளம் பக்கம் சார்"னா. நான் மைக்கைப் போடாமலே "அட, நம்ம ஊர்க்காரி!"ன்னு கத்துறேன், யாருக்குக் கேக்கும்? வகுப்பு முடிஞ்ச கையோட நம்பரை எடுத்துப் பேசிட்டேன். "அக்கா, ஆவூரா நீங்க? எங்க பெரியம்மா மகளை ஒங்க பக்கந்தான் கட்டிக் குடுத்திருக்கு"ன்னு ஆரம்பிச்சா. அடுப்புல வச்ச பால் பொங்கி வழியுற வரைக்கும் பேசிக்கிட்டிருந்தோம்.

அவளுக்கு அப்ப முப்பத்தஞ்சு முப்பத்தாறு இருக்கும். வீட்டுக்காரரு குவைத்துல டிரைவர். ஒரே மக. கூட்டுக் குடும்பம், வீட்டுக்காரரோட அண்ணன்தான் எல்லாத்துக்கும் முன்ன நிக்கிறவரு. கோயில் காரியம், பங்காளி வழக்கு, நல்லது கெட்டது எதுன்னாலும் அவரைக் கேட்டுத்தான் செய்வாங்க. இவ படிக்கணும்னு கேட்டப்ப அவருதான் சரின்னாராம். "வெளிய போக வேண்டாம், பஸ் ஏற வேண்டாம், வீட்டுக்குள்ளயே இருந்து படிக்கிற படிப்புன்னா படிக்கட்டும்." ஆனா அந்தக் காங்கிரீட் வீட்டுக்குள்ள டவர் ஒரு புள்ளிகூட நிக்காது. கடலைக் காட்டைத் தாண்டி, போர்வெல் மோட்டார் இருக்குற போர் கொட்டகையில போய் ஒக்காந்தாத்தான் சார் மூஞ்சி அசையும். அதனால சனி ஞாயிறு சாயங்காலம் ஆனா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, போனையும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலையும் தூக்கிக்கிட்டு அங்க போயிருவா.

படிப்புன்னா அவளுக்கு அப்படி ஒரு வெறி. நான் ஆபீஸ்ல மத்தியானம் சாப்பிட ஒக்காந்தா போன் வரும். "அக்கா, நேத்து சார் சொன்ன பாலை இருக்குல்ல, அது நம்ம ஊருதான் அக்கா, சித்திரையில வந்து பாக்கச் சொல்லுங்க அவரை." "அடி போடி, தயிர்சோத்தை முழுங்க விடுடி"ம்பேன். உள்ளுக்குள்ள எனக்கும் அந்தப் பேச்சு இல்லாம அன்னைக்குச் சோறு எறங்காது. டிகிரி வாங்கி என்னடி பண்ணப் போறேன்னு ஒருநாள் கேட்டேன். "ஒண்ணும் பண்ண வேண்டாம்க்கா. அந்த ரெண்டு மணி நேரம் நான் நானா இருக்கேன். அது போதும்"னா. எனக்கு அப்ப அது பெரிசாத் தெரியலை. சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

ரெண்டாம் வருஷம் அகப்பாட்டு வந்துச்சு. தலைவன், தலைவி, தோழி, பிரிவு, காத்திருப்பு. அந்தப் பாட்டுகள்ல பேசுற பொண்ணைத்தான் தலைவிங்கிறது. அவளுக்குப் பேரே கெடையாது. யாரு பேரையும் சொல்லாமப் பாடுறதுதான் அகத்துக்கு வழக்கம். சார் ஒரு வேலை குடுத்தாரு. "பொழிப்புரை எழுதினது போதும். நீங்களே தலைவியா நின்னு, ஒங்க ஊர்ல, ஒங்க பேச்சுல பேசிப் பாருங்க. அடுத்த வாரம் படிக்கணும்." எங்க எல்லாருக்கும் சிரிப்பு. பேங்க் ஆபீசர் நிலாவையும் மயிலையும் கூப்பிட்டுப் பத்து வரி படிச்சாரு. நான் எழுதினதை இங்க சொல்ல மாட்டேன், மானம் போயிரும்.

அவ அந்தக் கொட்டகையில ஒக்காந்து படிச்சது இவ்வளவுதான்:

"கரண்டு வந்துருச்சுன்னு சொல்லிட்டு வந்தேன்.
மோட்டாரைப் போட்டேன். தண்ணி வந்துச்சு. நீ வரலை.
மொதப் பாத்தி நெறஞ்சுச்சு. அடுத்த பாத்தி நெறஞ்சுச்சு.
வரப்பு ஒடஞ்சு தண்ணி அடுத்தவன் காட்டுல பாயுது.
மம்பட்டி கையிலதான் இருக்கு.
நான் மடையை மாத்தலை."

படிச்சு முடிச்சா. ஃபேன் மட்டும் தெரியுமே ஒரு அம்மா, அவங்க அன்னைக்குத்தான் முதமுதலா போனை எறக்கி மூஞ்சியைக் காட்டினாங்க. அழுதுக்கிட்டிருந்தாங்க. தண்ணி பாய்ச்சத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், பாத்தி நெறஞ்சும் ஒருத்தி மம்பட்டியை வச்சுக்கிட்டு மடையை மாத்தித் தண்ணியைத் திருப்பாம நிக்கிறான்னா அவ மனசு எங்க இருக்குன்னு. சார் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. "நான் இந்த வேலைக்கு வந்ததுக்கு இது ஒண்ணு போதும்மா"ன்னாரு. நான் கை தட்டுறேன் கை தட்டுறேன், உள்ளங்கை செவந்து போச்சு.

அந்த நிறுவனத்துக்காரங்க அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி, அடியில மியூசிக்கைப் போட்டு, "எங்கள் மாணவியின் சொந்தக் கவிதை"ன்னு தலைப்புக் குடுத்து வெளியில விட்டாங்க. அட்மிஷன் நேரம் பாருங்க. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. அவளுக்கு அது தப்பாவும் படலை. எனக்கு லிங்க்கை அனுப்பி, "மூஞ்சி கருப்பா விழுந்திருக்கா அக்கா?"ன்னு கேட்டா. "மகாராணி மாதிரி இருக்கேடி"ன்னேன்.

சிங்கப்பூர்ல இருக்குற அவங்க பங்காளி ஒருத்தர் அதைப் பாத்தாரு. பாத்துட்டு, "இது நம்ம வீட்டுப் பிள்ளைதானே?"ன்னு அவங்க பங்காளிக வாட்ஸப் குரூப்ல போட்டாரு. பெருமையாத்தான் போட்டாரோ, வேற எதுக்கும் போட்டாரோ, அது கர்த்தருக்கு வெளிச்சம். பொழுது விடியுறதுக்குள்ள குரூப்ல இருந்த அத்தனை பேரும் பாத்துட்டாங்க. யாரு கண்ணுலயும் தலைவி படலை. இன்னாரு வீட்டு மருமக, புருஷன் குவைத்துல, இவ சனி ஞாயிறு தவறாம போர் கொட்டகைக்குப் போறா, போய் ஒருத்தனுக்காகக் காத்துக்கிட்டிருக்கா, அதையும் துணிஞ்சு போன்ல சொல்றா. இதுதான் பட்டுச்சு.

அவ கூப்பிட்டப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன். "அக்கா, கொஞ்சம் வாறீங்களா? ஒங்களைத்தான் எனக்குத் தெரியும்"னா. வீடியோவால வீட்டுல பஞ்சாயத்துன்னு மட்டும் சொன்னா, அழலை. லீவு சொல்லிட்டு புதுக்கோட்டை வந்து, ஆலங்குடி பஸ்ஸைப் புடிச்சுப் போய் எறங்கினேன்.

நான் சண்டையை எதிர்பாத்துப் போனேன். சண்டையே இல்லை. சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். வீட்டு முன்னால பிளாஸ்டிக் சேர் போட்டுப் பங்காளிமாருக ஒக்காந்திருந்தாங்க. மூத்தவரு, அதான் வீட்டுக்காரரோட அண்ணன், எந்திரிச்சு, "வாங்க, ஒக்காருங்க. வெயில்ல வந்திருக்காங்க, தண்ணி கொண்டாங்க"ன்னாரு. அவ கதவுக்கிட்ட நின்னா. நான் தண்ணி குடிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, அவரு போனை எடுத்து அந்த வீடியோவை ஓட விட்டாரு. கடைசி வரைக்கும் ஓட விட்டு, "நீங்களும் கூடப் படிக்கிறவங்க. இதுல இருக்குறது யாருன்னு சொல்லுங்க"ன்னாரு.

"அது தலைவிங்க"ன்னேன்.

"தலைவின்னா யாரு? எந்த ஊரு?"

"ஊரு கெடையாதுங்க. அது ஒரு... பாட்டுல பேசுற பொண்ணு. இவ அவளா நின்னு பேசுறா. வாத்தியாரு குடுத்த வேலை அது."

"அவளுக்குப் பேரு?"

"அகப்பாட்டுல பேரு சொல்ல மாட்டாங்கய்யா. சொல்லக் கூடாது, அதுதான் வழக்கம்."

மூத்தவரு மத்தவங்களைப் பாத்தாரு. "பேரைச் சொல்லாம மறைக்கிறாங்கன்னா அதுல மறைக்கிறதுக்கு ஏதோ இருக்குன்னுதானேம்மா அர்த்தம்?"

தேர்வுல பக்கம் பக்கமா எழுதின விஷயம், அதை எதிர்ல ஒக்காந்திருக்குற நாலு ஆம்பளைகளுக்கு வெளங்குற மாதிரி ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு வரலை. இன்னொருத்தர் சேரை இழுத்துப் போட்டுக்கிட்டு, "அதுல அடுத்தவன் காடுன்னு ஒண்ணு வருது. நம்ம காட்டுக்கு அடுத்த காடு யாரோடது?"ன்னாரு. அது யாரோட காடுன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டுல கல்யாணம் ஆகாத ஒரு பையன் இருக்கான், பெங்களூர்ல வேலை, பொங்கலுக்கு வந்துட்டுப் போயிருந்தான். நான் கதவுப் பக்கம் பாத்தேன். அவ மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. அந்தப் பையனைப் பத்தி அவ அதுவரைக்கும் நெனச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டா. சத்தியமாச் சொல்றேன், அன்னைக்குத்தான் அப்படி ஒருத்தன் இருக்குறதே அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

"வாத்தியாரைக் கேளுங்கய்யா"ன்னேன் நான். "அவரு சொல்லுவாரு, அவருக்குச் சொல்லத் தெரியும்." நானே நம்பரைப் போட்டுக் குடுத்தேன். மூத்தவரு ஸ்பீக்கர்ல போட்டாரு. மரியாதையாத்தான் விசாரிச்சாரு. அந்தப் பக்கம் அதே கொரல், கொஞ்சமும் பதறாத கொரல்.

"ஐயா, இது பாடத்திட்டத்துல உள்ளது இல்லைங்க. படிக்கிறவங்க சொந்தமா எழுதுறதுக்கும் நிறுவனத்துக்கும் சம்பந்தம் கெடையாது. அந்தம்மா மனசுல என்ன இருந்துச்சோ அதை எழுதியிருக்காங்க. வீடியோ ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா எடுக்கச் சொல்லிடுறேன்."

அடப்பாவி மனுஷா! நீதானேய்யா தலைவியா நின்னு பேசச் சொன்னே? கண்ணாடியைக் கழட்டித் தொடச்சியே, அது யாரு கண்ணு? நான் போனைப் பாத்துக் கத்தினேன். அதுக்குள்ள வச்சுட்டாரு. "மனசுல என்ன இருந்துச்சோ"ன்னு ஒருத்தர் திரும்பச் சொல்லிப் பாத்துக்கிட்டாரு. அவங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். படிச்ச வாத்தியாரு வாயிலேருந்தே வந்துருச்சு.

அவ கதவுக்கிட்டேருந்து முன்னால வந்து மூத்தவரைப் பாத்து, "நான் கருப்பர் கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றேன். எனக்கு எவனும் கெடையாது"ன்னா.

எங்க பக்கம் இது உண்டு. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ, எங்களுக்கு இது கெடையாது, ஆனா பாத்திருக்கேன். சாமி முன்னால கல்லுல சூடத்தைக் கொளுத்தி, அது எரியுறப்பவே உள்ளங்கையால பொத்தி அணைச்சுட்டா அதுக்கு மேல பேச்சுக் கெடையாது. போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு எல்லாம் அப்பறந்தான். பொய்ச் சத்தியம் பண்ணினாலும், பண்ணின சத்தியத்தை மீறினாலும் கருப்பரு வீட்டுல ஒரு உசுரை எடுத்துக்குவாருன்னு பயம். அதனால அவ சொன்னதும் எனக்குப் பெரிய மூச்சு வந்துச்சு. முடிஞ்சுது, இவ மேல குத்தம் இல்லைன்னு ஆயிடும், வீட்டுக்குப் போய்ச் சோறு திம்போம்னு நெனச்சேன்.

கோயில் காட்டுக்குள்ள இருக்கு. மண்குதிரைக்குப் பக்கத்துல என்னை நிக்கச் சொல்லிட்டு அவங்க உள்ள போனாங்க. எனக்கு எல்லாமே தெரிஞ்சுச்சு, கேட்டுச்சு. அவ மக ஸ்கூல் யூனிபார்மோட வந்திருந்தா, ஏழாவது படிக்கிற பிள்ளை. பூசாரி சூடத்தைக் கொளுத்தினாரு. இவ கையைத் தூக்கிட்டா.

"எனக்கு எந்த ஆம்பளையோடவும் சம்பந்தம் இல்லை. இது சத்தியம்."

கையை எறக்கப் போறா. அப்ப மூத்தவரு, "இரும்மா"ன்னாரு. "இனிமே இந்த மாதிரி ஒண்ணும் எழுத மாட்டேன்னும் சொல்லிரு. நாளைக்கு இன்னொரு பேச்சு வரக்கூடாது பாரு. பிள்ளை தலையில கை வச்சுச் சொல்லிரு." சொல்லிக்கிட்டே பிள்ளையைப் புடிச்சு அவ பக்கத்துல நிறுத்துனாரு.

அதை அவ யோசிச்சே பாத்திருக்கலை. வீட்டுல இருந்து கெளம்புறப்ப அந்தப் பேச்சே இல்லை. சூடம் எரிஞ்சு சின்னதாயிக்கிட்டே போகுது. தானா அணைஞ்சு போச்சுன்னா சொன்ன சத்தியமும் செல்லாது, கருப்பரே ஏத்துக்கலைன்னு பேசுவாங்க. எனக்குத் தெரிஞ்சு அவளுக்கு மூச்சு விடுற நேரம்கூட இல்லை. எடது கையைப் பிள்ளை தலையில வச்சா. "இனிமே எழுத மாட்டேன். எழுதினா இந்தப் பிள்ளை எனக்கு இல்லை." வலது கையால சூடத்தைப் பொத்தினா.

வெளியில வந்ததும் அந்தக் கையைப் புடிச்சுப் பாத்தேன். "சுட்டுருச்சாடி?" "இல்லைக்கா"ன்னா. நடுவுல கரியா ஒரு வட்டம் இருந்துச்சு, சீலைத் தலைப்புல தொடச்சுக்கிட்டா. மூத்தவரு எங்களைப் பாத்துச் சிரிச்சாரு. "அவ்வளவுதான், முடிஞ்சுது. நம்ம பிள்ளை மேல நமக்குச் சந்தேகமா? ஊரு வாயை அடைக்கணும்ல"ன்னாரு. என்னைச் சாப்பிட்டுத்தான் போகணும்னு வேற வற்புறுத்துனாரு. நான் சாப்பிடலை. அந்த வீட்டுல ஒரு பருக்கை எனக்கு உள்ள போயிருக்காது.

அதுக்கப்பறம் கொஞ்ச நாளு அவ போனே எடுக்கலை. பொறகு வீட்டுக்காரரு லீவுல வந்தாரு. அந்த மனுஷன் நல்லவரு, அதைச் சொல்லியாகணும். "இதுக்குப் போய்ச் சத்தியம் வரைக்குமா போவீங்க"ன்னு அண்ணன்கிட்ட சத்தம் போட்டாராம். இவளுக்குப் புதுப் போன் வாங்கிக் குடுத்து, வீட்டுக்குள்ளயே வைஃபை போட்டு, "நீ படிச்சு முடி"ன்னுட்டு விமானம் ஏறினாரு. மூத்தவரும் ஒண்ணும் சொல்லலை. ஒரு கல்யாண வீட்டுல என்னையப் பாத்தப்ப, "எங்க வீட்டுலயும் ஒரு பட்டதாரி வரப் போறா"ன்னு பக்கத்துல இருந்தவருகிட்ட பெருமையாப் பேசுனாரு. எப்படி இருக்கும் எனக்கு?

அவ வகுப்புக்குத் திரும்பி வந்தா. பின்னாடி இப்ப ஸ்டார்ட்டர் பெட்டி இல்லை, சுண்ணாம்படிச்ச வெள்ளைச் செவுரு. அந்த சார் வேற எடத்துக்குப் போயிட்டாரு, வேற ஒரு மேடம் நடத்துனாங்க. கேட்டா பதில் சொல்லுவா, குறிப்பு எடுப்பா, தேர்வு எழுதுவா, நல்ல மார்க்கும் வாங்குவா. மத்தியானத்துல எனக்குப் போன் மட்டும் வராது. நானாக் கூப்பிட்டா, பேசுவா. மாடு கன்னு போட்டதைப் பேசுவா, மழை இல்லாததைப் பேசுவா. பாட்டைப் பத்தி நான் எடுத்தா, "ம், படிச்சேன்க்கா"ம்பா. அவ்வளவுதான்.

ரிசல்ட் வந்தப்பத்தான் எனக்குத் தெரியும், அவ படைப்பிலக்கியத் தாளுக்கு ஒண்ணுமே அனுப்பலைன்னு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவ வீட்டுக்காரருக்கே குவைத்துக்குப் போனைப் போட்டேன். "அண்ணன் அன்னைக்கே அதை மறந்துட்டாருக்கா. இவதான் அதையே புடிச்சுக்கிட்டிருக்கா. நீங்க போய்ச் சொன்னாக் கேப்பா"ன்னாரு பாவம். போனேன்.

மத்தியான நேரம். வீட்டுல அவளும் மகளும் மட்டும்தான். பிள்ளை இப்ப ஒம்பதாவது, நெடுநெடுன்னு அம்மா ஒசரத்துக்கு வந்துட்டா, உள்ள ஒக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டிருந்தா. நான் ஒக்காந்ததும் ஆரம்பிச்சுட்டேன்.

"ஏன்டி, ரெண்டு பக்கம் எழுதி அனுப்ப ஒனக்கு என்னடி கேடு? டிகிரி கையில வந்து நிக்குது."

"எழுத மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல அக்கா."

"அது ஒன்னையச் சொல்ல வச்சது. சொல்ல வச்ச ஆளே மறந்துட்டாரு."

"அவுக மறந்துருவாக. அவுக கையா பிள்ளை தலையில இருந்துச்சு?"

நானும் என் பங்குக்கு, "எங்க கோயில்ல சாமியாருகிட்ட முழங்கால் போட்டுச் சொல்லிட்டா மன்னிப்பு உண்டு. ஒங்க கருப்பருக்கு அப்படி ஒரு வழி கெடையாதா?"ன்னேன்.

"பூசாரியைக் கேட்டேன்க்கா. எதுக்குச் சத்தியம் பண்ணினோமோ அதை விட்டுட்டா ஒண்ணும் ஆகாதுன்னாரு. நானும் விட்டுட்டேன்." சாதாரணமாச் சொன்னா. "ஆரம்பத்துல கஷ்டமா இருந்துச்சு. தண்ணி பாய்ச்சுறப்ப, மாட்டைக் கட்டுறப்ப ஏதாவது ஒரு வரி வரும். வந்தா பிள்ளை பேரைச் சொல்லிக்குவேன், போயிரும். இப்ப வர்றதே இல்லை."

"நான் எழுதித் தாறேன், ஒன் பேர்ல அனுப்பு."

"கருப்பருக்கு அது தெரியாதா அக்கா?" அவ லேசாச் சிரிச்சா. எனக்கு அந்தச் சிரிப்பைப் பாக்க முடியலை. "அதுவும் இல்லாம, ஒங்க எழுத்துக்கு எனக்கு மார்க் வராதுக்கா." பழைய நக்கல், ஒரு நொடிதான். நானும் சிரிச்சேன், சிரிக்கையிலயே கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்பத்தான் பிள்ளை உள்ளேருந்து வந்தா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்திருக்கா. அம்மா முன்னால வந்து நின்னா.

"அம்மா, என் தலையிலதானே கை வச்சே?"

இவ நிமிந்து பாத்தா.

"என் தலைதானேம்மா அது. நான் சொல்றேன், எனக்கு ஒண்ணும் ஆகாது. எங்க ஸ்கூல்ல டீச்சரும் சொன்னாங்க, சூடம் ஒரு கெமிக்கல்தான்னு. எழுதும்மா நீ. எனக்காகவாச்சும் எழுது. ஏதாவது ஆனா ஆகட்டும், நான்..."

அவ அடிச்சா. கன்னத்துல, ஓங்கி. சத்தம் செவுத்துல பட்டுத் திரும்புச்சு. அந்தப் பிள்ளை மேல அவ கைநீட்டி நான் பாத்ததே கெடையாது, பிள்ளைக்கும் அது புதுசு போல, அழக்கூடத் தோணாம வாயைத் தெறந்தபடி நின்னுச்சு. நான் எந்திரிச்சுட்டேன். "என்னடி பண்றே!"

"ஆகட்டும்னு சொல்லுதுக்கா. கேட்டீங்கள்ல? ஆனா ஆகட்டும்னு அதுவே சொல்லுது." அவ கொரலு கிறீச்சுன்னு ஏறிப் போச்சு. அடிச்ச கையாலயே பிள்ளையை இழுத்து நெஞ்சோட சேத்துக்கிட்டா. பொறங்கையை நெத்தியில வச்சா. எடுத்தா, கழுத்துல வச்சா. திரும்பவும் நெத்தியில வச்சா. "அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லைம்மா"ன்னு பிள்ளை இப்ப அழுவுது. இவ காதுல அது விழலை.

நான் கிட்டப் போய் அவ தோளைத் தொட்டேன். என் பக்கம் திரும்பாமலே பேசுனா.

"நீங்க போங்கக்கா."

"இருடி, நான் சொல்றதை..."

"போங்க. இந்தப் பேச்சை எடுத்துக்கிட்டு இனிமே இங்கிட்டு வராதீங்க. எனக்கு இந்த ஒண்ணுதான் இருக்கு."

நான் செருப்பை மாட்டிக்கிட்டு எறங்கினேன். கேட்டுக்கிட்ட வந்து திரும்பிப் பாத்தேன். அவ இன்னும் பிள்ளையோட கழுத்துல பொறங்கையை வச்சுக்கிட்டு, சூடு ஏறுதான்னு பாத்துக்கிட்டே நின்னா.